சாவியம்மா ஊரைப் பிடித்த வாரம்

ஊரில் அவளைச் சாவியம்மா என்றுதான் கூப்பிடுவார்கள். இடுப்பு உயர இரும்புத் தண்டு, மேலே குறுக்கே ஒரு கைப்பிடி. தெருக்குழாய்களுக்குத் தண்ணீர் விடும் வால்வைத் திருகுகிற சாவி அது. ஊராட்சி அதை அவள் கையில் கொடுத்துப் பதினோரு வருடமாகிறது. அதைத் தோளில் போட்டுக்கொண்டு அவள் நடந்தால் தெருநாய் எழுந்து வழிவிடும். ஊராட்சித் தலைவர் வந்தால் அது ஒரு கண்ணைத் திறந்து பார்த்துவிட்டு மறுபடி மூடிக்கொள்ளும்.

காலையில் மோட்டார் போட்டு மேல்நிலைத் தொட்டியை நிரப்புவாள். குளோரின் கலப்பாள். ஆறு மணிக்கு வால்வைத் திறந்து ஏழு மணிக்கு அடைப்பாள். அந்த ஒரு மணி நேரம் தொட்டியடியை விட்டு நகர முடியாது. ஊருக்கெல்லாம் தண்ணீர் விடுகிறவள் தன் வீட்டுக் குழாயில் தண்ணீர் வருவதைக் கண்ணால் பார்த்ததே இல்லை. வீட்டுக்காரர்தான் பிடித்து வைப்பார். அவள் திரும்பும்போது இரண்டு ட்ரம்மும் தளும்ப நிற்கும். இப்படி ஒரு பொறுப்பான மனுஷன் எந்த வீட்டில் இருக்கிறார் என்று அக்கம்பக்கத்தில் பெருமை பேசுவாள்.

குழாய் கடைத்தெரு வழியாக வந்து, அவள் குடியிருந்த பள்ளித்தெருவைத் தாண்டி, கடைசித்தெருவில் முடியும். மூன்று வருடமாகக் கடைசித்தெருவுக்குத் தண்ணீர் சொட்டுச் சொட்டாகத்தான் போனது. அங்கே வீட்டுக்கு வீடு ஊராட்சி கட்டிக் கொடுத்த கழிப்பறைகள் இருந்தன. நீல வண்ணம் அடித்து, தலைவர் பக்கத்தில் நின்று போட்டோ எடுத்துக்கொண்ட கழிப்பறைகள். ஊற்றத் தண்ணீர் இல்லாததால் சிலதில் விறகு இருந்தது, ஒன்றில் கோழி அடைகாத்தது. மனிதர்கள் எப்போதும்போல் புதருக்குப் போனார்கள். அந்தப் புதருக்கு முன்னால்தான் 'தூய்மையான ஊர்' என்று பெரிதாகப் பலகை நட்டிருந்தார்கள்.

கடைசித்தெருத் தையல்காரிக்குப் பொறுமை போய்விட்டது. சாவியம்மா காசு வாங்கிக்கொண்டு கடைத்தெரு, பள்ளித்தெரு என்று மேல்தெருக்களுக்கு மட்டும் தண்ணீர் விடுகிறாள், அந்தப் பள்ளித்தெரு வீட்டில் இருக்கிற அவள் ஒரு திருடி என்று மனு எழுதி, நாற்பது வீட்டில் கையெழுத்து வாங்கிக் கொடுத்தாள். தலைவர் சாவியம்மாவைக் கூப்பிட்டு, ஞாயிற்றுக்கிழமை ஊர்க்கூட்டத்துக்குள் கடைசித்தெருவுக்குத் தண்ணீர் போக வேண்டும், இல்லாவிட்டால் சாவியை மேசைமேல் வைத்துவிட்டுப் போகலாம் என்று சொல்லிவிட்டார்.

அன்றைக்குத் தொட்டியடியில் உட்கார்ந்து அவள் அழுதாள். அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். பதினோரு வருடத்தில் ஒரு நாள்கூட அவள் ஐந்து நிமிடம் பிந்தியதில்லை.

தண்ணீர் எங்கே போகிறது என்று அவளுக்குத் தெரியாமல் இல்லை. மேல்தெருக்களில் யார் யாரோ குழாயில் மோட்டார் மாட்டி உறிஞ்சுகிறார்கள். ஆனால் ஆறிலிருந்து ஏழுவரை அவள் தொட்டியடியில் கிடப்பது ஊருக்கே தெரியும். ஏழரைக்கு அவள் போய்ப் பார்த்தால், மோட்டாரும் இருக்காது, மோட்டார் இருந்த தடமும் இருக்காது.

லைன்மேன் அவளுடைய சித்தப்பா மகன். மரக்கிளை வெட்டுவதற்காக அந்த வாரம் தினமும் ஒரு மணி நேரம் கரண்டை நிறுத்த வேண்டியிருந்தது அவனுக்கு. மத்தியானம் நிறுத்துவதைக் காலை ஆறு மணிக்கு நிறுத்தச் சொன்னாள். அக்கா சொன்னால் அவனுக்கு மறுபேச்சு கிடையாது.

ஆறு நாள் கரண்டு நின்றது, ஆறு நாளும் கடைசித்தெருக் குழாய்களில் தண்ணீர் கொட்டியது. கூட்டத்தில் அந்தத் தெருக்காரர்கள் அதைச் சொன்னால் போதும், தன் தலை தப்பும் என்பதுதான் அவள் போட்ட கணக்கு. அந்த வாரம் தன் வீட்டு ட்ரம்கள் மட்டும் பாதியாக நின்றதை அவள் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. முதுகு பிடித்துக்கொண்டது, குனிந்து பிடிக்க முடியவில்லை என்றார் வீட்டுக்காரர். பாவம் என்று தினமும் எண்ணெய் தேய்த்துவிட்டாள்.

ஞாயிற்றுக்கிழமை பள்ளிக்கூடத்தில் கூட்டம். தையல்காரி எழுந்து, இந்த வாரம் தண்ணீர் நன்றாக வந்தது, ஆனால் மனு கொடுத்த பயத்தில்தான் விட்டிருக்கிறாள் என்றாள். அவள் உட்காரக்கூட இல்லை, கடைத்தெரு மருந்துக்கடைக்காரர் துள்ளி எழுந்தார்.

"அங்க வந்துச்சு, எங்களுக்கு வரலையே! ஒரு வாரமா ஆறு மணிக்குக் கரண்டு போயிடுது, தண்ணியும் நின்னுடுது. இதுக்கு யார் பதில் சொல்றது?"

சாவியம்மாவுக்கு அப்போதுதான் ஒன்று பொறிதட்டியது. பிறகு மிகப் பணிவாக நோட்டை எடுத்தாள். கரண்டு இல்லாததால் தண்ணீர் வராத வீடுகளைச் சொன்னால் எழுதிக்கொள்கிறேன் என்றாள். போட்டி போட்டுக்கொண்டு எழுந்தார்கள். மாவுமில்காரர், ஓய்வுபெற்ற வாத்தியார், வாத்தியாரின் சம்பந்தி. எங்கள் வீட்டிலும் அதே கதைதான் என்று தலைவரே தலையாட்டினார். தலைவரையும் சேர்த்துப் பதினாறு பேரை எழுதியாயிற்று.

பதினேழாவதாகக் கடைசி பெஞ்சிலிருந்து அவளுடைய வீட்டுக்காரர் எழுந்தார். பெண்டாட்டிக்குப் பரிந்து பேச இதைவிட நல்ல சமயம் வாய்க்காது என்று நினைத்திருக்கிறார்.

"எம் பொண்டாட்டி மேல தப்பு இல்லைங்க. எல்லாம் கரண்டுக்காரன் பண்ற வேலை. எங்க வீட்டுலயே தண்ணி சரியா வரலையே!"

சாவியம்மாவின் பேனா அப்படியே நின்றுவிட்டது. தளும்பிய ட்ரம்கள், முதுகுவலி, எண்ணெய், பேசிய பெருமை எல்லாம் ஒன்றோடொன்று பொருந்திவிட்டன. அவரைப் பார்க்காமல் குனிந்து அந்தப் பெயரையும் எழுதினாள். பிறகு எழுந்து நின்றாள்.

"தொட்டி நாப்பது அடி உசரத்துல இருக்கு. ஆறு மணிக்கு முன்னாடியே நிறைச்சு வச்சிடறேன். அங்கேருந்து தண்ணி தானா இறங்கி வரும். அதுக்கு எதுக்குங்க கரண்டு?"

எழுந்து நின்றவர்களெல்லாம் மெல்ல உட்கார்ந்தார்கள். வீட்டுக்காரர் மட்டும் இன்னும் விஷயம் புரியாமல் நின்றுகொண்டிருந்தார். கடைசித்தெரு முதலில் சிரித்தது, பிறகு கத்தியது.

எச்சரிக்கை செய்து விட்டுவிடலாமே என்று தலைவர் இழுத்தார். அதெல்லாம் முடியாது, மோட்டார்களைப் பறிமுதல் செய்து, பதினேழு வீட்டு இணைப்பையும் ஒரு மாதம் துண்டிக்க வேண்டும், அதுவரை அவர்கள் கடைசித்தெருப் பொதுக்குழாயில் வரிசையில் நின்று பிடிக்கட்டும் என்றாள் சாவியம்மா. முதலில் வெட்டுவது தன் வீட்டு இணைப்பைத்தான் என்றும் சொன்னாள். தீர்மானம் நிறைவேறியது. சாவி அவள் தோளிலேயே இருந்தது.

வீட்டில் மோட்டார் துணி துவைக்கும் தொட்டிக்கு அடியில் கவிழ்ந்து கிடந்தது. அவள் குழாயை அறுக்கிற வரைக்கும் அவர் பின்னாலேயே நின்றார். அவள் வந்ததும் தண்ணீருக்கு அலையக் கூடாது என்றுதான் வைத்தேன் என்று முனகினார்.

"உனக்கு எண்ணெய் தேய்ச்சேன் பாரு, என்னைச் சொல்லணும்" என்றாள்.

மறுநாள் ஏழு மணிக்கு வால்வை அடைத்துவிட்டுக் கடைசித்தெருப் பக்கம் போனாள். ஒரு வீட்டில் கழிப்பறையிலிருந்து விறகை வெளியே எடுத்து அடுக்கிக்கொண்டிருந்தார்கள். பொதுக்குழாயடியில் தலைவரின் மனைவிக்கும் மருந்துக்கடைக்காரருக்கும் பின்னால் வீட்டுக்காரர் இரண்டு குடத்தோடு நின்றார். ஒன்று நிறைந்திருந்தது, மற்றது காலி. இன்னும் இரண்டு நிமிடம் விட்டிருக்கலாமே என்பதுபோல் அவளைப் பார்த்தார். அவள் பார்க்காததுபோல் நடந்தாள்.

தையல்காரி வாசலில் இறங்கி வந்தாள். அவளால் நிமிர்ந்து பார்க்க முடியவில்லை.

"அக்கா, உங்களைத் திருடின்னு எழுதினது நான்தான்."

"வீட்டைச் சரியாத்தான் எழுதியிருந்தே" என்றாள் சாவியம்மா. "ஆளைத்தான் மாத்திட்டே."