அக்கா முடிக்காத தவக்காலம்

எங்கள் வீட்டின் மூத்த பிள்ளையான அக்கா, கொழும்பு கொட்டாஞ்சேனையில் துறைமுகக் கப்பல்களின் ஊதல் கேட்கும் தூரத்தில் இருந்த ஒரு வாடகை வீட்டில் பிறந்தார். அப்பா துறைமுகப் பண்டகசாலையில் காவலர். பிள்ளைகள் ஐந்து பேரில் நான் கடைசி. செய்தித்தாள் ஒன்றின் முதற்பக்கத்துக்கு வரக்கூடிய எதுவும் அக்காவின் வாழ்க்கையில் நடக்கவில்லை. அவர் ஒரு மனிதரின் காலையும், அந்த வழியாக அவருடைய உயிரையும், குசினி அடுப்படியில் நின்று காப்பாற்றினார். இந்த ஓராண்டு நினைவு மலரில் நான் எழுத விரும்புவது அதைப் பற்றித்தான்.

அம்மா அடிக்கடி சுகமில்லாமல் இருந்ததால் சமையல் சிறுவயதிலேயே அக்காவிடம் வந்தது. அது எழுபதுகள். பாணுக்கும் அரிசிக்கும் ஊரே வரிசையில் நின்ற காலம். பெரும்பாலான நாட்களில் எங்கள் இரவுச் சாப்பாடு அவித்த மரவள்ளிக்கிழங்கும் சம்பலும். வெள்ளைச் சோறு ஞாயிற்றுக்கிழமைத் திருப்பலிக்குப் பிறகு மட்டும் வரும். தட்டில் சோற்றைக் குவித்து வைப்பதுதான் அன்பு என்று அந்தக் காலத்தில் வளர்ந்தவர்கள் நம்பினார்கள். அக்காவும் நம்பினார். பிற்காலத்தில் அவர் கைவிட நேர்ந்தவற்றில் இந்த நம்பிக்கையே அவருக்கு மிகவும் கடினமாக இருந்தது.

தட்டெழுத்துப் படித்துக் கொழும்பின் கோட்டைப் பகுதியில் ஓர் அலுவலகத்தில் வேலைக்குச் சேர்ந்தார். பக்கத்துக் கட்டடத்தில் கப்பல் முகவர் நிறுவனம் ஒன்றில் எழுதுவினைஞராக இருந்த அத்தானைத் திருமணம் செய்துகொண்டு வெள்ளவத்தையில் தொடர்மாடிக் குடியிருப்பு ஒன்றுக்குக் குடிபோனார். கலவரக் காலத்தில் இருவரும் ஒரு பாடசாலையில் அகதிகளாகத் தங்கினார்கள். அங்கே பருப்பையும் பாணையும் எல்லோருக்கும் பங்கிட்டவர்களில் அக்காவும் ஒருவர் என்பதை மற்றவர்கள் சொல்லித்தான் அறிந்தோம். அவர் அதைப்பற்றிக் கதைத்ததில்லை.

அத்தானின் தந்தையும் தமையனும் சீனி வருத்தம் என்று நாங்கள் சொல்லும் நீரிழிவால் முதுமை காணாமலே இறந்தவர்கள். தமையனுக்கு முதலில் கால் விரலை எடுத்தார்கள், பிறகு முழங்காலுக்குக் கீழே எடுத்தார்கள். அத்தானுக்கும் நாற்பதுகளில் அதே வருத்தம் வந்தது. சில ஆண்டுகளில் வலது காலின் பெருவிரலுக்குக் கீழே ஒரு புண் தோன்றி, ஆறாமல் நின்றது. சீனி இறங்காவிட்டால் விரலை எடுக்க வேண்டிவரும், அதோடு நிற்கும் என்று உறுதி சொல்ல முடியாது என்று மருத்துவர் மறைக்காமல் சொல்லிவிட்டார்.

அத்தான் அதை ஏற்கெனவே எதிர்பார்த்தவர்போல் இருந்தார்.

"இது எங்கட வீட்டுச் சொத்து. அப்பர் அப்பிடித்தான் போனவர், அண்ணரும் அப்பிடித்தான். என்னை மட்டும் கீரை காப்பாத்துமே?"

"சொத்து வேண்டாமெண்டு எழுதிக் குடுக்கலாம்," என்றார் அக்கா. "நாளையில இருந்து குடுக்கிறம்."

சொல்வது சுலபம். மருத்துவரின் பேச்சை அத்தான் ஒரு வாரத்துக்கு மேல் கேட்டதில்லை. ஆனால் தவக்காலத்தை அவர் ஒருநாளும் மீறியவர் அல்லர். தவக்காலம் தொடங்கும் சாம்பல் புதன் அண்மித்துக்கொண்டிருந்தது. அதைப் பிடித்துக்கொள்வது என்று அக்கா முடிவு செய்தார். அங்கேதான் அவர் பிழைவிட்டார்.

எங்களைப் போன்ற கத்தோலிக்க வீடுகள் பலவற்றில் வழக்கமாக நடக்கும் பிழை அது. தவக்காலம் வந்தால் இறைச்சியை விடுவோம். பக்தி கூடியவர்கள் மீனையும் முட்டையையும் விடுவார்கள். விட்ட இடத்தில் என்ன வந்து உட்காருகிறது என்று எவரும் பார்ப்பதில்லை. அங்கே சோறு வந்து உட்காரும். உருளைக்கிழங்குப் பிரட்டலும், பருப்பு வடையும், சர்க்கரை போட்ட கஞ்சியும், ரின்னில் வரும் இனிப்புப் பால் ஊற்றிய தேநீரும் வந்து உட்காரும். அக்கா எல்லாவற்றையும் விட்டு, எல்லாவற்றையும் இப்படி நிரப்பினார். அத்தான் வழக்கத்தைவிட அதிகமாகச் சாப்பிட்டார், புண்ணியமும் சேர்கிறது என்று மகிழ்ந்தார். தவக்காலத்தின் கடைசி வாரமான பெரிய வாரத்துக்கு முன் சோதித்தபோது சீனி முன்பைவிட ஏறியிருந்தது.

மருத்துவர் ஒரு சிங்களப் பெண்மணி. அவர் கேட்டதை வீட்டுக்கு வந்து அக்கா எங்களுக்கு நடித்தே காட்டினார்.

"'இறைச்சி மீன் விட்டனீங்க, சரி. பதிலுக்கு என்ன சாப்பிட்டவர்?' எண்டு கேட்டா. நான் சொல்லச் சொல்ல அவ கண்ணாடியைக் கழட்டி மேசையில வெச்சிட்டா. 'நோனா, நீங்க கடவுளுக்கு மீனைக் குடுத்திட்டு புருசனுக்குச் சீனியைக் குடுத்திருக்கிறீங்க' எண்டிட்டா."

எல்லோரும் சிரித்தோம். அக்காவும் சிரித்தார். ஆனால் இரண்டு நாளில் மருத்துவரிடம் திரும்பப் போனபோது அவர் சும்மா போகவில்லை. எதைக் குறைப்பது என்று மட்டும் அல்லாமல், குறைத்த இடத்தில் எதை வைப்பது என்றும் கேட்டுக்கொண்டு வந்தார். மேசை மாறியது. தட்டில் பாதி கீரை வறை, இலைச் சுண்டல், நார்ச்சத்துள்ள காய்கள். அதன் பக்கத்தில் மீன், அல்லது கடலை, பயறு, பருப்பு. மிச்சம் இருக்கும் மூலையில் தவிடு போகாத சிவப்பரிசிச் சோறு. சாம்பல் புதனோடு போன மீன் திரும்பி வந்தது. அதுவும் பெரிய மீன் அல்ல, சாளையும் சூடையும். பாலில்லாத தேநீர், அதில் சீனி இல்லை. பழத்தைப் பிழிந்து குடிக்காமல் கடித்துச் சாப்பிட வேண்டும். உப்பு குறைவு, கருவாடு எப்போதாவது. சாப்பிட்ட பின் பம்பலப்பிட்டிப் பக்கமாகக் கடற்கரையில் ஒரு நடை. இதில் அற்புத உணவு என்று எதுவும் இல்லை. வெள்ளவத்தைச் சந்தையில் எந்த நாளும் கிடைப்பவைதான். கீரைக்காரரைச் சிங்களத்தில் தம்பி முறை சொல்லி "மல்லி" என்று கூப்பிட்டு, வாடிய பிடிகளை அவரிடமே திருப்பிக் கொடுத்துவிட்டு நல்லதாக வாங்கிவருவார் அக்கா.

தவக்காலம் முடிந்து உயிர்ப்பு ஞாயிறு வந்தது. அத்தானின் தங்கையும் விருந்துக்கு வந்திருந்தார். அத்தான் மிகுந்த எதிர்பார்ப்போடு மேசைக்கு வந்து உட்கார்ந்தார். ஆட்டிறைச்சி இருந்தது, இரண்டே துண்டு. மற்றப்படி தட்டு கடந்த வாரம் போலவே இருந்தது.

"என்ன இது?"

"சாப்பாடு."

"ஆண்டவரே எழும்பிட்டார். நீர் இன்னும் தவக்காலத்தை முடிக்கேல்லையே?"

"கோவில்ல முடிஞ்சுது. உங்கட கால்ல முடியேல்லை."

தங்கைக்குப் பொறுக்கவில்லை. "அண்ணாவை மாடாக்கிப் போட்டீங்கள் மச்சாள். கழுத்தில மணி ஒண்டுதான் குறை."

"மாட்டுக்கு நாலு கால் இருக்கு," என்றார் அக்கா, கீரையை இன்னும் ஒரு கரண்டி வைத்தபடி. "உங்கட அண்ணாவுக்கு ரெண்டு இருந்தா எனக்குக் காணும்."

அத்தான் அடுத்த ஞாயிறு பங்குத்தந்தையிடமே முறையிட்டார். "ஃபாதர், இவவுக்குத் தவக்காலம் முடியுதில்லை. நீங்களாவது சொல்லுங்கோ." பங்குத்தந்தை அக்காவைப் பார்த்தார், பிறகு அத்தானின் காலில் இருந்த கட்டைப் பார்த்தார். "எனக்கு அதிகாரம் கோவிலுக்குள்ளதான் மகன். குசினிக்குள்ள இல்லை."

உணவு மட்டுமே அத்தானைக் காப்பாற்றியது என்று எழுதினால் அது பிழையான செய்தியாகிவிடும். மாத்திரைகள் ஒருநாளும் நிற்கவில்லை. காயத்துக்கு நாள் தவறாமல் மருந்து கட்டினார்கள். ஆனால் அதே மாத்திரைகளும் அதே மருந்தும் முன்னரும் இருந்தன. தட்டு மாறிய பிறகுதான் சீனி இறங்கியது, இறங்கிய பிறகுதான் புண்ணின் ஓரங்கள் சேரத் தொடங்கின. ஆண்டின் கடைசி மழைக்கு முன் புண் மூடிக்கொண்டது. விரல் இருந்தது. அத்தான் தன் தந்தையின் வயதைத் தாண்டினார், தமையனின் வயதைத் தாண்டினார், வேலையிலிருந்து ஓய்வு பெற்றார், பேரப்பிள்ளைகளைக் கண்டார்.

அந்தத் தொடர்மாடியில் அக்காவிடம் யோசனை கேட்காத வீடு குறைவு. கீழ்மாடியில் இருக்கும் முஸ்லிம் சகோதரி, தன் கணவருக்கும் அதே வருத்தம் என்று தெரிந்ததும் மேலே ஏறிவந்தார். தவக்காலப் பிழையைப் பற்றி அக்கா சொன்னபோது, "எங்கட நோன்புலயும் இதே கததான் அக்கா, பகல்ல விட்டத இரவுல ஒண்டுக்கு ரெண்டாப் பிடிச்சிருவாங்க," என்று அவர் சொல்ல, இருவரும் சிரித்ததை நான் பக்கத்து அறையிலிருந்து கேட்டிருக்கிறேன்.

அக்காவுக்குப் புற்றுநோய் வந்தது. அதை எந்தக் கீரையும் தடுக்கவில்லை. பார்த்துப் பார்த்துச் சாப்பிட்டு என்ன கண்டீர்கள் என்று பார்க்க வந்த ஒருவர் அவரிடமே கேட்டார். அக்கா கோபிக்கவில்லை. "சாவுக்கு மருந்து கண்டுபிடிச்சனான் எண்டு நான் சொல்லேல்லையே பிள்ளை. படுத்துக் கிடந்து சாகாம நடந்து திரிஞ்சு சாகலாமெண்டுதான் சொன்னனான்." கடைசி மாதம் வரை அவர் நடந்துதான் திரிந்தார்.

அடக்கத்துக்குப் பின் எங்களைப் பயமுறுத்தியவர் அத்தான். வெளிநாட்டில் இருந்து வந்திருந்த அவர்களின் பிள்ளைகள் இருவரும் திரும்ப வேண்டியிருந்தது. அவர் தேநீர் கேட்டார், சீனி போட்டுத் தரச் சொன்னார். "இனி ஆருக்காகக் கட்டுப்பாடு? பாத்துக்கொண்டிருந்த ஆள் போயிற்றா," என்றார். அத்தனை ஆண்டு உழைப்பும் அந்த ஒரு கோப்பையில் கரைந்துவிடும் போலிருந்தது.

செத்தவீட்டில் அடுப்பு மூட்டாத நாட்களில் அயலார் சாப்பாடு கொண்டுவருவது வழக்கம். அன்று மத்தியானம் மூன்று வீடுகளிலிருந்து மூடிய தட்டுகள் வந்தன. ஒருவர் கொண்டுவந்தது மற்றவருக்குத் தெரியாது. அத்தான் முதல் தட்டைத் திறந்தார். பாதி கீரை, ஒரு துண்டு மீன், மூலையில் கொஞ்சம் சிவப்புச் சோறு. இரண்டாவதைத் திறந்தார். மூன்றாவதையும் திறந்தார். மூன்றும் ஒரே கணக்கு. கீழ்மாடிச் சகோதரி வாசலில் நின்றபடி, "சாப்பிடுங்க அண்ணன், நாங்க வீட்டுல இதத்தான் சாப்பிடுறோம்," என்றார்.

அத்தான் மூன்று தட்டுகளையும் மேசையில் ஒரே வரிசையில் வைத்தார். "போறதுக்கு முதல் எல்லாரையும் சேத்து எனக்குக் காவல் வெச்சிட்டுத்தான் போயிருக்கிறா," என்றார். பிறகு சாப்பிட்டார்.

அக்காவுக்கு மருத்துவம் பார்த்தவர்களுக்கும், இரவும் பகலும் அருகிலிருந்த தாதியருக்கும், அடக்கத் திருப்பலியை ஒப்புக்கொடுத்த பங்குத்தந்தைக்கும், தூரத்திலிருந்து வந்த உறவினருக்கும், வர முடியாமல் அங்கிருந்தே செபித்தவர்களுக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. இந்த ஓராண்டும் முறை வைத்து அத்தானுக்குச் சாப்பாடு அனுப்பி, பிறகு அவருக்கே சமைக்கவும் பழக்கிவிட்ட தொடர்மாடி வீடுகளுக்குத் தனியாக நன்றி.

நினைவுத் திருப்பலிக்குப் பின் வெள்ளவத்தை வீட்டில் மதிய உணவு உண்டு. சோறு குறைவாகவும் கீரை கூடுதலாகவும் இருக்கும், தயவுசெய்து குறைநினைக்க வேண்டாம். அத்தான் தன் இரண்டு கால்களிலும் நின்று பரிமாறுவார்.