பரணில் ஆளில்லாத நேரம்

மனைவியின் கணினியில் சில நாட்களாக ஒரு சிவப்புப் பெட்டி வந்து வந்து போனது. பாதுகாப்பு மென்பொருளின் காலம் முடிந்துவிட்டதாம், கணினி ஆபத்தில் இருக்கிறதாம். அவ அதை மூடிவிட்டுத் தன் வேலையைப் பார்ப்பா. எனக்கு அப்படி முடியாது. கேஸ் அடுப்பை மூடினேனா என்று படுத்த பிறகும் எழும்பிப் போய்ப் பார்க்கிற ஆள் நான்.

அந்தக் கணினியில்தான் அவ வெளிநாட்டுப் பிள்ளைகளுக்குத் தமிழ் படிப்பிக்கிறா. சனிக்கிழமை பின்னேரம் நாலு மணிக்குப் புதிய குடும்பமொன்றின் பிள்ளைகள் வர இருந்தார்கள். முதல் வகுப்பைப் பார்த்துவிட்டுத்தான் தொடர்வதா விடுவதா என்று தாய் சொல்லுவாவாம். அதற்கு முதல் கணினியைப் பத்திரமாக்குவோம் என்று, வெள்ளிக்கிழமை நானாகவே இலவசமாகக் கிடைத்த இன்னொரு பாதுகாப்பு மென்பொருளை இறக்கிப் போட்டேன். பழையதை எடுக்கவில்லை.

எடுக்காததற்குக் காரணம் இருந்தது. எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டு நான் போனது வட்டைக்கு, வயல் வேலைக்கு. கதிர் முற்றுகிற காலத்தில் யானைக்கும் பன்றிக்கும் பயந்து பரண் கட்டி வயலைக் காப்போம். மாற்று ஆள் ஏறி இருந்த பிறகுதான் முதல் ஆள் இறங்கலாம். பரண் ஒரு கணமும் வெறுமையாக இருக்கக் கூடாது. கணினிக்கும் அதையே செய்தேன்.

சனிக்கிழமை மத்தியானம் கணினியைப் போட்டால் உள்ளே விசிறி நெல்லுமில் மாதிரி இரைகிறது. அம்புக்குறி நின்று நின்று நகருகிறது. வகுப்புக்கு வைத்திருந்த படங்கள் திறக்கவேயில்லை. அவ திரையைப் பார்த்தா, பிறகு என்னைப் பார்த்தா. நான் இன்னொன்றைப் போட்டதைச் சொன்னேன்.

“காவலுக்கு மேல காவலா? இனி அந்த ரெண்டையும் காக்க இன்னொரு பரண் கட்டுங்க.”

செங்கலடிச் சந்தியில் கணினி திருத்துகிற தம்பிக்குத் தொலைபேசியில் கோல் எடுத்தேன். இரண்டும் ஒன்றை ஒன்று கள்ளன் என்று சந்தேகப்பட்டு, திறக்கிற ஒவ்வொன்றையும் ஆளுக்கொரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும் என்றார். இப்போதைக்கு இரண்டையும் நீக்கச் சொன்னார். அப்ப யார் காவல் என்று கேட்டேன்.

“விண்டோசுக்குள்ளயே ஒண்டு இரிக்கு அண்ணன். வேற ஆள் வந்தா அது ஒதுங்கிப் படுத்திரும். போனாத் தானா ஒழும்பும்.”

கடையில் ஆட்கள் நிற்பதாகச் சொல்லி வைத்துவிட்டார். எனக்குப் பெரிய புதினமாக இருந்தது. இத்தனை நாளும் அது எங்கே படுத்துக் கிடந்தது?

அவ ஆங்கிலத்தை வாசித்துச் சொல்ல, நான் அழுத்தினேன். செயலிகளின் பட்டியலில் பழையதைக் கண்டுபிடித்து, பக்கத்திலிருந்த மூன்று புள்ளிகளைத் தட்டி, நீக்கு என்றோம். உண்மையாகவா என்று கேட்டது. பிறகு, ஏன் நீக்குகிறீர்கள் என்றும் கேட்டது. இவ்வளவு மரியாதையாகக் கேட்கிறதே, ஒரு காரணம் சொல்லுவோம் என்று யோசித்தேன். பிள்ளைகளைக் காக்க வைத்துவிட்டு அதற்கு விளக்கம் எழுதப் போறீங்களா என்றா அவ.

கணினி அணைந்து திரும்ப வந்தது. சிவப்புப் பெட்டி இல்லை. விசிறியின் இரைச்சல் மட்டும் குறையவில்லை, படங்களும் இழுத்துக்கொண்டே நின்றன. மூன்றரை தாண்டிவிட்டது. மற்றது கிடக்கட்டுமே என்றேன். அவ மவுஸை என் பக்கம் தள்ளினா.

“நீங்க ஏத்தின ஆள். நீங்களே இறக்குங்க.”

முதலில் இணைய வயரைக் கழற்றி வைத்தேன். பிறகு அழுத்தினேன். திரை கறுத்து, சின்ன வட்டமொன்று சுற்றத் தொடங்கியது. பரணில் ஆளில்லை. பயமாகத்தான் இருந்தது. ஆனாலும் கண்ணை எடுக்க மனம் வரவில்லை, என்னதான் நடக்கிறது என்று பார்க்க வேண்டும் போலிருந்தது. ஒன்றும் நடக்கவில்லை. வட்டம் சுற்றியது, அவ்வளவுதான்.

திரை வந்தபோது விசிறி அடங்கியிருந்தது. படங்கள் தொட்டவுடன் திறந்தன. வயரை மாட்டிவிட்டு நான் தேத்தண்ணி வைக்கக் குசினிக்குப் போனேன். கொஞ்ச நேரத்தில் பிள்ளைகள் இழுத்து இழுத்து வணக்கம் சொல்வது கேட்டது.

வகுப்பு முடிந்து அவ வந்து, அடுத்த சனிக்கிழமையும் வகுப்பு வைக்கச் சொல்லித் தாய் கேட்டதாகச் சொன்னா. சந்தோசம்தான். ஆனால் என் வாயிலிருந்து வந்தது வேறு.

“அது முழிச்சிருக்கா?”

அவ சிரித்துக்கொண்டு என்னைக் கூட்டிப்போய்த் திரையின் மூலையைக் காட்டினா. சின்னக் கேடயம், அதில் ஒரு பச்சைச் சரி அடையாளம். கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்து வெகுநேரம் பார்த்தேன். வட்டையில் மாற்று ஆள் ஏறினால் பரண் கம்பு கிறீச்சிடும், கீழே நிற்பவனுக்கும் தெரியும். இது எந்த நேரத்தில் ஏறியது என்று, கண் வெட்டாமல் பார்த்துக்கொண்டிருந்த எனக்கே தெரியவில்லை.