கருப்பு முட்டையும் செல்வராணி மேடமும்

செல்வராணி மேடம் தவறிவிட்டார் என்ற செய்தி வந்தபோது சிவகாசியில் காலண்டர் சீசன் உச்சத்தில் இருந்தது. எங்கள் அச்சகத்து மெஷின் சத்தத்தில், மருத்துவமனை நர்ஸ் போனில் சொன்னது சரியாகக் காதில் விழவில்லை. வெளியே வந்து மறுபடியும் கேட்டேன். மாரடைப்பாம், தூக்கத்திலேயே போய்விட்டாராம். படுக்கையில் கிடந்து கஷ்டப்படவில்லை என்று தெரிந்ததில், அழுகைக்கு நடுவிலும் ஓர் ஆறுதல்.

விருதுநகரில் ஒரு கருத்தரிப்பு மையத்தில் அவர் கருவியல் நிபுணர். நமக்கு அவர் 'லேப் மேடம்'. அங்கே வராந்தாவில் முந்தானையை இழுத்து மூடிக்கொண்டு, தெரிந்தவர் யாரும் வந்துவிடக் கூடாதே என்று உட்கார்ந்திருந்த எல்லாருக்கும்தான் இதை எழுதுகிறேன்.

நான் அங்கே போகும்போதே ஒரு பட்டத்தோடு போனேன். முன்பு வேறோர் ஊரில் செய்த சிகிச்சை தோற்றபோது, "முட்டை தரமில்லை" என்று ஒரே வார்த்தையில் அனுப்பிவிட்டார்கள். என் மாமியார் அதைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். நாட்டுக்கோழி முட்டையாக வாங்கி அவித்துத் தள்ளினார். அதைத் தின்றால் என் முட்டை சரியாகிவிடும் என்பது அவர் கணக்கு. ஒரு கல்யாணப் பந்தியில் வைத்து, "இவளுக்கு முட்டையிலதான் கோளாறு" என்றே சொல்லிவிட்டார். எனக்குச் சோறு இறங்கவில்லை. இதுதான் கடைசி முயற்சி என்று வீட்டில் முடிவாகியிருந்தது.

முட்டைகளை எடுத்த அன்று மேடம் எங்களைக் கூப்பிட்டுத் திரையில் காட்டினார். கிடைத்தவை இரண்டே இரண்டு. ஒன்று பளிங்குபோல் தெளிவாக இருந்தது. இன்னொன்று நடுவில் கருத்து, மணலை அள்ளிப் போட்டதுபோல் இருந்தது. என் கணவர், மெஷினிலிருந்து வரும் தாளைத் தூக்கிப் பார்த்த மாத்திரத்தில் வேஸ்ட்டில் தள்ளுகிறவர். அதே பழக்கத்தில், "இங்க் அப்புன மாதிரி இருக்கே மேடம், இதைக் கழிச்சிருங்க. நல்லதை மட்டும் வச்சு ஓட்டுங்க" என்றார். என்னையே கழித்துப்போட்டது மாதிரி இருந்தது எனக்கு.

மேடம் சிரித்துவிட்டார். "முதலாளி, இது ஒங்க காலண்டர் இல்ல. அழகுக்கு மார்க் போடவா நான் இங்கன உக்காந்திருக்கேன்? முட்டை முதிர்ந்திருக்கான்னுதான் மொதல்ல பாப்பேன். ரெண்டும் முதிர்ந்திருக்கு. சிலதைப் பாத்ததுமே வேண்டாம்னு நானே ஒதுக்கிருவேன், இது அந்த ரகம் இல்ல. கருப்பா இருக்குங்கிறதுக்காகக் கரு நிக்காதுன்னு அடிச்சுச் சொல்ல முடியாது. தெளிவா இருக்கிறது நிக்கும்னும் சொல்ல முடியாது."

பிறகு என் பக்கம் திரும்பினார். "முட்டையைப் பத்திச் சொன்னதை ஒங்களைப் பத்திச் சொன்னதா எடுத்துக்கிட்டீகளா?" என்றார். வெகுநாளைக்குப் பிறகு அன்றுதான் வயிறாரச் சாப்பிட்டேன்.

இரண்டு முட்டைகளும் கருவாயின. இரண்டையும் கருப்பையில் வைத்தார்கள். ஒன்று தங்கியது. ஸ்கேனில் துடிப்பைக் கேட்டதும் என் கணவருக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேடத்தைத் தேடிப்பிடித்து, "எது மேடம் நின்னது, கருப்பா, தெளிவா?" என்று கேட்டார்.

"தெரியாது. இனிமே தெரிஞ்சு என்ன செய்யப் போறீக? பிள்ளை மொகத்தைப் பாத்துக்கிட்டு அதையா யோசிப்பீக?"

அத்தனை படித்தவர் 'தெரியாது' என்று அவ்வளவு நிம்மதியாகச் சொல்லி நான் கேட்டதில்லை.

சிகிச்சை எடுத்ததெல்லாம் எங்கள் வாசலைத் தாண்டியதில்லை. கோளாறைப் பந்தியில் சொன்ன மாமியார், பேத்தி பிறந்ததும் குலசாமி கொடுத்த வரம் என்று ஊரெல்லாம் சொன்னார். நானும் மறுக்கவில்லை. சாமிக்கும் பங்கு இருக்கட்டுமே.

துக்கம் கேட்க மேடத்தின் ஊரான ஆமத்தூருக்குப் போனோம். "நானும் வாரேன்" என்று மாமியார் தானாகவே கிளம்பினார். பந்தலில் பிள்ளைகளோடு எத்தனையோ தம்பதிகள். வராந்தாவில் தலையைக் குனிந்துகொண்ட நாம்தான், அன்றைக்கு ஒருவரையொருவர் நிமிர்ந்து பார்த்தோம். மேடத்தின் அக்கா என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க எந்த ஊரும்மா? தங்கச்சிக்கு எப்படிப் பழக்கம்?" என்று கேட்டார்.

மேடத்திடமிருந்து நான் எனக்கென்று வைத்துக்கொண்டது, உள்ளதைக் கூசாமல் சொல்கிற அந்தக் குரலைத்தான். மகளை முன்னால் நிறுத்தி, எல்லாருக்கும் கேட்கும்படி சொன்னேன்: "இவளை மொத மொதல்ல பாத்தது அவுகதான்க்கா."

மாமியார் மூக்கை உறிஞ்சினார். "ஆமா தாயி, எங்க எல்லாருக்கும் முந்தி அவுகதான் பாத்தாக."