கீல் பூசிய கண்ணாடி

எனக்குக் கோர்வையாக எழுத வராது. ஐந்தாம் வகுப்போடு நின்றவள், மறதியும் அதிகம். பொறுத்துக்கொள்ளுங்கள்.

ராயபுரத்தில் ஒரு மாதா கோயிலையும் அதன் பள்ளிக்கூடத்தையும் பெருக்குவது அம்மாவின் வேலை. நாங்கள் கிறிஸ்து வேதக்காரர்கள் இல்லை. கட்டுமரத்தில் போன அப்பா திரும்பவில்லை. உடல் கிடைக்காததால் மூலக்கொத்தளம் இடுகாட்டில் அவருக்குக் குழியும் இல்லை. அம்மா போய் அழ ஓர் இடமில்லை.

அங்கிருந்த வெள்ளைக்காரச் சாமியார் சாயங்காலங்களில் வாத்தியார்களுக்கு ஐரோப்பாவின் பழைய கோயில்களைப் பற்றிப் பாடம் எடுப்பார். வெள்ளைத் துணியில் விளக்குப் படம் விழும். நானும் அம்மாவும் கதவோரம் உட்கார்ந்திருப்போம். பல நூறு வருஷத்துக்கு முந்தைய கோயில்களாம். கூரையின் பாரத்தை வெளியே கல் முட்டுகள் தாங்கியதால் சுவரெல்லாம் சன்னலாக வைக்க முடிந்ததாம். வண்ணக் கண்ணாடி வாங்கிக் கொடுத்த ரொட்டிக்காரர், மீன்காரரையெல்லாம் சன்னலின் அடியில் சின்னதாக வரைந்து வைப்பார்களாம்.

"அய்ய, மீன்காரனையா கோயில்ல போட்டான்!" என்று அம்மா வாய்விட்டுச் சொன்னாள்.

"உன்னையும் போடச் சொல்லட்டுமா, குப்பைக் கூடையோட?" என்றார் ஒரு வாத்தியார். எல்லோரும் சிரித்தார்கள். நான் தலையைக் குனிந்துகொண்டேன்.

மறுநாள் அம்மா கோயில் சன்னல்களை அண்ணாந்து பார்த்துக்கொண்டே போனாள். ஒன்றின் அடியில் சின்னப் படகு, அதில் ஓர் ஆள்.

"உங்க நைனா இங்க கீறாரு," என்றாள்.

அதிலிருந்து பெருக்கி முடித்ததும் அங்கே நின்று அழுவாள்.

உலகச் சண்டை வந்தது. கோயில் வெளிச்சம் கடலில் வரும் எதிரிக் கப்பலுக்குத் தெரியக் கூடாது என்றார்கள். படகுக்காரர்கள், படகுக்குப் பூசும் கறுப்புக் கீலையே கண்ணாடிகளில் உள்பக்கமாகப் பூசிவிட்டார்கள். இருட்டிலும் அம்மா அங்கே போய் நின்றாள்.

சண்டை முடிந்ததும் அவர்களே ஏணி போட்டு, மண்ணெண்ணெய் தடவிக் கத்தியால் சுரண்டினார்கள்.

"மெதுவாடா, அவுரு மேல கத்தி படப்போவுது!" என்று அம்மா கீழிருந்து கத்தினாள்.

"கண்ணாடிக்கு இன்னா வலிக்கவா போவுது, யக்கா?"

கீல் உரிந்து வந்தது. படகும் ஆளும் அதோடு வந்துவிட்டார்கள். வெறும் நீலம் நின்றது.

சாமியார் தொட்டுப் பார்த்தார். அந்தக் காலத்தில் கோடுகளைச் சூளையில் சுட்டுக் கண்ணாடியோடு சேர்த்துவிடுவார்கள், இது மேலே பூசிய மலிவு வேலை என்றார்.

"அந்த ஊரு மீன்காரன் இன்னும் கீறானா சாமி?" என்று அம்மா கேட்டாள்.

"தெரியவில்லை அம்மா. அங்கேயும் குண்டு போட்டிருக்கிறார்கள்."

அப்புறம் அவள் அந்தச் சன்னல் பக்கம் நிற்கவில்லை. அழுதும் நான் பார்க்கவில்லை.

படகில் இருந்தது ஓர் ஆளா, இரண்டு பேரா என்று இப்போது எனக்கே சந்தேகம். அந்தச் சன்னலைப் பார்த்த பழைய ஆட்கள் யாராவது இருந்தால் விசாரித்துச் சொல்லுங்கள். தப்பாக எழுதியிருந்தால் திருத்திவிடுங்கள்.