கிளாரினெட்காரன்

பக்கத்து வீட்டு ரேடியோவில் இன்று காலை ஒரு கிளாரினெட் ஒலித்ததும் என் கன்னம் எரிந்தது.

இராஜபாளையத்தில் எங்கள் மாதா கோயிலுக்குப் பின்னால் ஒரு வாசகசாலை இருந்தது. இப்போது அங்கே பேண்டேஜ் துணி குடோன் நிற்கிறது. தன் நாட்டுக்குத் திரும்பிய வெள்ளைக்காரச் சாமியார் விட்டுப்போன கிராமபோனுக்கு, ஞாயிறு பூசை முடிந்ததும் பையன்கள் சாவி கொடுத்து, அரக்கும் எண்ணெயும் மணக்க ஜாஸ் இசைத்தட்டுகளைச் சுழலவிட்டு, யார் வாசிப்பு உசத்தி என்று கைகலப்பு வரைக்கும் போவார்கள். ஜன்னலோரம் பாயில் உட்கார்ந்திருக்கும் பெண்பிள்ளைகளான எங்களை மட்டும் யாரும் கேட்க மாட்டார்கள்.

ஒருநாள் என் அண்ணன், "ட்ரம்பெட்காரன்தாம்லே எனக்குப் பிடிச்ச ஆளு" என்று மேசையைத் தட்டினான். எல்லோரும் கைதட்டினார்கள். அழுவதுபோலத் தொடங்கிச் சிரித்துக்கொண்டே முடிக்கும் கிளாரினெட்டை ஒருவரும் சொல்லவில்லையே என்ற ஆத்திரத்தில் நான் எழுந்தேன்.

"எனக்குக் கிளாரினெட்காரனைத்தான் பிடிச்சிருக்கு."

அண்ணன் வீட்டுக்கு ஓடினான். நான் போய்ச் சேர்ந்தபோது அம்மா வாசலிலேயே அறைந்தாள்.

"ஏட்டி, ஒரு ஆம்பளையப் பிடிச்சிருக்குன்னு அம்புட்டுப் பேர் முன்னால சொல்லுவியா? இனிமே அங்க போனா கால ஒடிச்சிருவேன்."

அண்ணனுக்குப் பிடித்ததும் ஓர் ஆம்பளைதானே? அவன் அடுத்த ஞாயிறும் போனான்.

வாசித்தவர்களின் பெயர் தட்டின் நடுவே ஒட்டிய தாளில் அச்சாகியிருந்ததாம். பெண்பிள்ளைகள் தட்டைத் தொடக் கூடாது. யாரைப் பிடித்ததற்காக அறை வாங்கினேனோ, அவன் பெயர் எனக்கு இன்றைக்கும் தெரியாது.