பூச்சி தின்னும் செடிக்குச் சமையல்

கல்யாணமாகிச் சிதம்பரத்திலிருந்து கடலூருக்கு வந்தபோது நான் கொண்டுவந்த சாமான்களில் மாமியாருக்குப் பிடிக்காதது ஒன்றே ஒன்றுதான். பிளாஸ்டிக் டப்பாவில் மிதந்த பாசி. பாசி இல்லை அத்தை, பூச்சி தின்னும் செடி என்று நான் விளக்கியதும் நிலைமை இன்னும் மோசமானது.

அது வேரில்லாத நீர்ச்செடி. அம்மா வீட்டுப் பக்கத்துக் குளத்தில் கிடைத்தது. மயிரிழை போன்ற இலைகளுக்கு நடுவே கடுகளவுப் பைகள் இருக்கும். ஏதாவது பூச்சி வந்து உரசினால் பை சட்டென்று திறந்து, அதை உறிஞ்சிக்கொண்டு மூடிவிடும். தாவரவியல் படித்த காலத்தில் லென்ஸ் வைத்து அதைப் பார்த்தேன். அன்றைக்குப் பிடித்த பைத்தியம் இன்னும் தெளியவில்லை.

குளத்தில் இருந்தவரை அதன் சாப்பாட்டை அதுவே பார்த்துக்கொண்டது. கடலூர் திருப்பாதிரிப்புலியூர் வீட்டு மொட்டை மாடித் தொட்டிக்கு வந்த பிறகு நான்தான் சமைத்துப் போட வேண்டியிருந்தது. வைக்கோலைக் கொதிக்கவைத்து, ஆறவிட்டு, மழைத்தண்ணீர் பிடித்த நீல டிரம்மில் ஊற்றி, குளத்துத் தண்ணீர் ஒரு சொம்பு கலந்து, வாயில் துணி கட்டிவிட வேண்டும். முதலில் கலங்கும். பிறகு நாறும். பொறுத்திருந்தால் கொஞ்ச நாளில் தண்ணீர் தெளிந்து, வெள்ளைப் புள்ளிகளாகத் துள்ளும் பூச்சிகள் பெருகிவிடும். தினமும் டீ வடிகட்டியில் அள்ளித் தொட்டியில் விடுவேன். பழைய வடிகட்டிதான், சத்தியமாக. வீட்டில் யாரும் நம்பவில்லை.

குடிகாட்டுப் பக்கம் கெமிக்கல் கம்பெனியில் ஷிப்ட் பார்க்கும் என் கணவர், “எங்க கம்பெனியே தேவலாம்” என்றார். மாமியாருக்கு நாற்றத்தைவிட அக்கம்பக்கம்தான் கவலை. “புதுசா வந்த மருமவ மாடில புழு வளக்குறான்னு தெருவே சிரிக்கும்மா” என்பார். எனக்குக் கோபம் பொத்துக்கொண்டு வரும். அந்த வீட்டில் மற்றதெல்லாம் அவர்களுடையது. தொட்டியும் டிரம்மும்தான் என்னுடையவை. அவையும் போய்விட்டால் நான் அங்கே வெறும் விருந்தாளி.

ஐப்பசியில் செடி முதல்முறையாக ஒரு பூந்தண்டை நீட்டியது. அந்த நேரத்தில்தான் அதற்குப் பசி ஜாஸ்தி. அந்த வாரம் பார்த்து, டெங்குக் கொசுவுக்காக வீடு வீடாகத் தண்ணீரைச் சோதிக்கும் பெண் வந்தார். நான் கடைக்குப் போயிருந்தேன். அந்தப் பெண் வந்தால் டிரம்மைக் கொட்ட விடாதீர்கள், செடிக்காகப் பூச்சி வளர்க்கிறது என்று சொல்லுங்கள் என அத்தையிடம் முன்பே சொல்லிவைத்திருந்தேன். அப்படிச் சொல்ல அத்தைக்கு வாய் வரவில்லை.

“அது பொழங்குற தண்ணிம்மா, கொட்டாத” என்று சொல்லிவிட்டார்.

புழங்குகிற தண்ணீரைக் கொட்ட மாட்டார்கள். கொசு மருந்து ஊற்றுவார்கள். அந்தப் பெண் தன் வேலையை ஒழுங்காகச் செய்துவிட்டுப் போனார்.

மறுநாள் காலை வடிகட்டியில் ஒன்றுகூடத் துள்ளவில்லை. எல்லாம் டிரம்மின் அடியில் பொடியாகப் படிந்து கிடந்தன. அத்தை நடந்ததைச் சொன்னார்.

“உண்மையச் சொல்ல வெக்கமா இருந்துச்சா அத்தை?” என்று கேட்டுவிட்டேன். அப்படிக் கேட்டிருக்கக் கூடாது. அவர் முகம் வாடிவிட்டது.

மறுபடி முதலிலிருந்து வளர்க்க நாளில்லை. குளத்திலிருந்தே பூச்சிகளை அள்ளி வந்தால்தான் பூ தப்பிக்கும். ஐந்து லிட்டர் கேனோடு சிதம்பரம் பஸ்ஸுக்குக் கிளம்பினேன். அத்தை புடவை மாற்றிக்கொண்டு வாசலில் நின்றார். “நானும் வரேன்” என்றார்.

குளத்துப் படியில் அத்தை கேனைப் பிடித்துக்கொள்ள, நான் வடிகட்டியால் அள்ளி அள்ளி விட்டேன். சும்மா இருக்க முடியாமல் லென்ஸை நீட்டினேன். வடிகட்டியில் துள்ளிய பூச்சிகளை நெடுநேரம் பார்த்தார்.

“அய்ய, இதுக்குக் கண்ணு இருக்குது. ஒத்தக் கண்ணு.”

திரும்பும்போது பஸ்ஸில் நல்ல கூட்டம். பூச்சிகளுக்குக் காற்று வேண்டுமென்று மூடியைத் திறந்து, கேனை மடியில் அணைத்துக்கொண்டு உட்கார்ந்தார் அத்தை. பக்கத்து சீட்டு அம்மாள் பயபக்தியோடு கேனைப் பார்த்தார்.

“சிதம்பரத்துலேர்ந்து வரீங்க. தீர்த்தமா?” என்று கேட்டு உள்ளங்கையையும் நீட்டிவிட்டார்.

ஆமாம் என்று சொன்னால் போதும், விஷயம் முடிந்துவிடும். நான் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டேன்.

“தீர்த்தம் இல்லம்மா, பூச்சி” என்றார் அத்தை, பாதி பஸ்ஸுக்குக் கேட்கிற குரலில். “எங்க மருமவ பூச்சி தின்னுற செடி வளக்குறா. பூ வக்கிற நேரம். பட்டினி போடலாமா?”

எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கை வலிக்கும், கேனை என்னிடம் கொடுங்கள் என்றேன். கடலூர் வரும்வரை அவர் தரவில்லை.