பூனை எந்த மீனைத் தின்றது?

சென்னை ராயபுரத்துப் பிள்ளைகள் கொஞ்ச நாளாக என்னைப் பெரிய பக்தை என்று நினைத்திருந்தார்கள். யாழ்ப்பாணத்தவளான நான் எதற்கெடுத்தாலும் "ஓம், ஓம்" என்பேன். எங்களுக்கு அது வெறும் 'ஆமாம்'. ஊரிலிருந்து இதை வாசிப்பவர்கள் சிரிப்பீர்கள். இங்கே ஒரு பிள்ளை தண்ணீர் குடிக்கக் கேட்டு, நான் "ஓம்" என்றதும், கண்ணை மூடிக் கை கூப்பி நின்றது.

திருமணமாகி இங்கு வந்து மூன்று வருடம். மாலையில் தேவாலய மதிலுக்குள் இருக்கும் வளவில் இரண்டாம் வகுப்புப் பிள்ளைகள் பன்னிரண்டு பேருக்குக் கணக்குச் சொல்லிக்கொடுக்கிறேன். கூட்டல், கழித்தல் எல்லாம் நன்றாகப் போடுவார்கள். அதையே கதையாக எழுதிக் கொடுத்தால் சிக்கல்தான். அன்று நான் கொடுத்த கணக்கு இது: படகில் பன்னிரண்டு மீன்கள் இருந்தன. பூனை ஐந்தைத் தின்றது. மீதி எத்தனை?

ஸ்டெல்லா எழுந்தாள். அவளுடைய அம்மா ரோசி காசிமேட்டில் மீன் விற்பவர்.

"இன்னா மீனு மிஸ்?"

"ஏதோ ஒரு மீன்."

"வஞ்சிரம்னா பூனையால அஞ்சு துன்ன முடியாது. நெத்திலின்னா பன்னெண்டையும் துன்னுடும்."

நெத்திலி என்றே முடிவு செய்து, விடை பூச்சியம் என்று எழுதினாள். "பிழை. உனக்குக் கேள்வி விளங்கேல்லை" என்றேன்.

மறுநாள் ரோசி மீன்கூடையோடு வந்து நின்றார்.

"இன்னா மிஸ்ஸு, எம் பொண்ணு வெளங்காதுன்னு சொன்னியாமே?"

இந்த ஊரில் 'வெளங்காது' என்றால் உருப்படாது என்று அர்த்தம். அது தெரியாத நான் பணிவாகச் சொன்னேன்: "ஓம், அவளுக்கு விளங்கேல்லை."

"சாபம் குட்த்துட்டு மந்திரம் வேற ஓதுறியா?"

வளவே திரும்பிப் பார்த்தது. நான் வியர்த்து விறுவிறுத்து, எங்கள் ஊரில் அதற்குப் 'புரியவில்லை' என்றுதான் பொருள் என்று விளக்கி, ஆதாரமாகக் கணக்கையும் வாசித்துக் காட்டினேன். ரோசி யோசித்தார்.

"அது சரி, இன்னா மீனு?"

எனக்கு என் பள்ளிக்கூடம் ஞாபகம் வந்தது. யுத்தகாலத்தில் எங்கள் பக்கம் ரயிலே ஓடவில்லை. புத்தகத்திலோ இரண்டு ரயில்கள் எதிரெதிரே புறப்பட்டன. மோதினால் எத்தனை பேர் சாவார்கள் என்றுதான் கேட்கிறார்கள் என நினைத்து, அழுதுகொண்டே விடை எழுதினேன். கதை கண்ணில் தெரியாதவரை எண்ணுக்கு வேலையில்லை.

"கவளை" என்றேன். வஞ்சிரத்துக்கும் நெத்திலிக்கும் நடுவான அளவு; பூனை ஐந்தோடு நிறுத்திவிடும். ரோசி கூடையை இறக்கினார். சிமெண்டுத் தரையில் சுண்ணாம்புக்கட்டியால் படகு வரைந்தோம். பன்னிரண்டு பிள்ளைகளும் அதற்குள் மீனாக நின்றார்கள். ரோசி மியாவ் என்று பாய்ந்து ஐந்து பேரை இழுத்துப் போனார். ஒருத்தன் சிரித்ததில் விக்கலெடுத்தான்.

ஸ்டெல்லா மிச்சத்தை எண்ணினாள். "ஆறு மிஸ்!"

"நீ இன்னா, திமிங்கலமா? உன்னியும் எண்ணு!" என்றார் பூனை.

"ஐய, ஏழு!"

அன்றிலிருந்து எந்தக் கணக்கிலும் மீனின் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன்.

போன வாரம் ஊரிலிருந்து தங்கச்சி போன் எடுத்தாள். "அக்கா, எங்க நிக்கிறியள்?"

"வூட்லதான் கீறேன்" என்றேன்.

தங்கச்சி குரலை மாற்றி மரியாதையாகச் சொன்னாள்: "ஆரெண்டு தெரியேல்லை. அக்காட்டப் போனைக் குடுக்கிறியளோ?"

நானும் ஒரு கணம், அக்காவைத் தேடி வீட்டுக்குள் திரும்பிப் பார்த்தேன்.